புதைக்கக் கொடுக்காத பூனை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பெருமாள்மலையில் ஒரு பூனைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கால்நடை மருத்துவரின் கிளினிக் வாசல். மலையில் மஞ்சு மூட்டம் இறங்கியதால் பகலிலேயே ட்யூப்லைட் எரிகிறது. கருத்தடை ஆபரேஷனுக்காகக் காலையில் கத்திக்கொண்டே வந்த பூனை, இப்போது பிளம்ஸ் பெட்டிக்குள் வெள்ளைத் துணி சுற்றிக் கிடக்கிறது. பெட்டியை இடுப்போடு அணைத்தபடி நிற்கிறாள் அதை வளர்த்த ரிஃபானா. மயக்க ஊசி எவ்வளவு போட்டீர்கள் என்று அவள் எத்தனை முறை கேட்டும் மருத்துவர் உள்ளே கை கழுவிக்கொண்டே இருக்கிறார். மண்வெட்டி மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பாக வருகிறது பாருங்கள். “குடுங்கம்மா, பின்னாடி நாங்களே பொதச்சிர்றோம்” என்கிறார் கம்பவுண்டர். அவள் கணவன் சஜ்ஜாத்துக்கும் அதே அவசரம். இறந்தவரைக் காக்க வைக்காமல் அடக்கம் செய்து பழகிய குடும்பம். “வெரசா அடக்கிருவோம் புள்ள. வச்சிக்கிட்டே இருந்தா பாவம்.” “பொதச்சிட்டா அப்புறம் எதை வச்சுக் கேக்குறதுங்க? கவர்மென்ட் மாட்டாஸ்பத்திரியில அறுத்துப் பாத்து எழுதித் தரட்டும்” என்கிறாள் ரிஃபானா. மருத்துவர் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்க்கிறார். “பூனைக்கெல்லாம் கேஸ் நிக்காதும்மா.” “பூனைக்கு இல்லீங்க டாக்டர். காசு குடுத்து உங்கள நம்புனவ நானு. கன்ஸ்யூமர் கோர்ட்டுல எனக்குத்தான் கேஸ்.” சஜ்ஜாத் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். பிறகு தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டியின் மேல் போர்த்திவிட்டு, மாட்டாஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டுகிறான். உங்கள் வீட்டு வாயில்லாச் சீவன்கள் நோயில்லாமல் நெடுநாள் வாழட்டும், கண்ணுகளா. அவற்றுக்காகக் கேள்வி கேட்கிற ஒருத்தி எந்நாளும் அந்த வீட்டில் இருக்கட்டும்.