மூன்றாம் ஓலைக்கு முன்

“இன்னைக்கும் ரத்தம் பட்டிருக்கும்மா.”

ஜெபகனி ரவிக்கையை நீட்டினாள். முதுகுப் பக்கத்தில் நாவல்பழ அளவுக்குக் கறை.

சாரம்மாள் வாங்கிப் பார்த்தாள். துவைக்கிற துணியோடு சேர்த்து வைத்தாள்.

ஜெபகனிக்கு அது பிறவி மச்சம். தோளிலிருந்து இடுப்பு வரை கறுப்புத் துணி போர்த்தின மாதிரி இருக்கும். பதினெட்டு வருஷமாக அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைத்தே வளர்த்துவிட்டார்கள். இந்த 1911-ம் வருஷம் ஆனி மாதத்தில் அதன் நடுவே ஒரு முடிச்சு கிளம்பியது. ஐப்பசிக்குள் நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. தொட்டால் கசிந்தது.

“அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவோமா? பயமா இருக்கு.”

நேசையா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

“கல்யாணம் முடியட்டும். கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை ரெண்டு வாசிச்சாச்சு. வார ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. இப்பப் போய் ஆஸ்பத்திரியில படுத்தா ஏன் எதுக்குன்னு ஊர் கேக்கும்.”

“மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?”

“தாலி கட்டினப்புறம் தெரியட்டும். அப்ப என்ன செய்ய முடியும்?”

ஜெபகனி அம்மாவைப் பார்த்தாள்.

“அப்பா சொல்லுதது சரிதான்ட்டி,” என்றாள் சாரம்மாள்.

அதற்குப் பிறகு ஜெபகனி யாரிடமும் கேட்கவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு, கையைப் பின்னால் வளைத்து முடிச்சைத் தடவிப் பார்ப்பாள். நேற்றைவிடப் பெரிசாகிவிட்டதா? கல்யாணச் சேலையில் கறை தெரிந்துவிடுமா? கல்யாணம் வரைக்கும் உயிரோடு இருப்போமா? பெற்ற அம்மாவுக்கே கல்யாணம்தான் பெரிசாகப் போய்விட்டதே என்று நினைத்தபோது சாரம்மாளின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் திசையன்விளையிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் இஸ்ரவேல் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு கடுதாசியை நீட்டினார்.

நேசையா வாசித்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ‘பெண்ணின் முதுகு முழுவதும் கறுப்பு மச்சம். அதில் இப்போது புண். விசாரித்துக்கொள்ளவும்.’ கீழே பெயர் இல்லை.

“இது மெய்யா வே?”

நேசையா தலையைக் குனிந்துகொண்டார்.

“பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுத ஆளு நீரு. பாதிரியார்கிட்ட ஓலையை நிப்பாட்டச் சொல்லிட்டேன்.”

வண்டி கிளம்பியதும் சாரம்மாள் வாசலில் நின்று அழுதாள். தன் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்த பாவி நன்றாக இருக்கமாட்டாள் என்று தெருவே கேட்கும்படி சபித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“இனி மறைக்க என்ன இருக்கு? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

நேசையா வண்டி பேசப் போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முடிச்சை அழுத்திப் பார்த்தாள். பிறகு இரண்டு அக்குளையும் தடவினாள். வெகுநேரம் தடவினாள்.

“இவ்வளவு பெரிய பிறவி மச்சம் இருந்தா, சிலருக்கு அதுல புற்று வரும். இவளுக்கு வந்திருக்கு. நல்லவேளை, அக்குளுக்கு இன்னும் பரவல. இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் விட்டிருந்தா நான் கத்தியை எடுத்தே பிரயோஜனம் இல்லை.”

திங்கட்கிழமை மயக்க மருந்து கொடுத்து வெட்டி எடுத்தார்கள். மறுபடி வராது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. மாதாமாதம் வந்து காட்டச் சொன்னாள்.

எட்டாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். சாரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்தக் கடுதாசி மட்டும் போகலேன்னா நான் செத்திருப்பேன். யாரோ பொறாமையிலதான் எழுதியிருப்பாங்க. ஆனாலும் அவங்களுக்காகத் தினமும் ஜெபம் பண்ணுதேன்.”

சாரம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். யாரும் பக்கத்தில் இல்லையே என்று வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“பண்ணு மக்ளே,” என்றாள் பைய. “உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருமோன்னு இடது கையால கோணலா எழுதினவளுக்கு அந்த ஜெபம் வேணும்.”