அடியில் வைத்த புத்தகம்

அடுக்கின் அடியில் இருந்த புத்தகம் நூலகக்காரியின் கணவர் எழுதியது. அதை அங்கே வைத்தவளும் அவள்தான்.

மேலிடத்து உத்தரவு அப்படி. இல்லாத நாடுகளைப் பற்றிய கதைகளையெல்லாம் பிரிக்க வேண்டுமாம். நல்ல நாட்டைச் சொன்னால் அலமாரிக்கு, கெட்ட நாட்டைச் சொன்னால் கூழாக்கும் ஆலைக்கு. எழுதியவர் உயிரோடிருந்தால் வீட்டுக்கே வந்து அழைத்துப் போவார்கள்.

அத்தனை பேரில் உயிரோடிருப்பவர் ஒருவர்தான். வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். புனைபெயரில் எழுதியவர்தான், ஆனாலும் மோப்பம் பிடிக்க எத்தனை நேரமாகும்?

ஒளித்துவிடலாமென்றால் நூலக வாசலில் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். மாலைக்குள் அதிகாரி களைத்துப்போவார், அடியில் இருப்பதைப் புரட்டாமல் தள்ளிவிடுவார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

அதிகாரி பாவம், கெட்டவர் இல்லை. காலையிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை.

பல நூறு வருடத்துப் பழைய கதைகளில் கப்பல் உடைந்து ஒருவன் தீவில் கரையேறுகிறான். அங்கே எல்லோருக்கும் ஒரே உடை, மணி அடித்தால் சாப்பாடு. ஆகா, சொர்க்கம் என்கிறான். பிற்காலத்துக் கதைகளிலும் அதே உடைதான், அதே மணிதான். இவன் நரகம் என்று அலறுகிறான். எதை எந்த வண்டியில் ஏற்றுவது?

தலையைப் பிய்த்துக்கொண்ட மனிதர் மதியத்துக்கு மேல் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைசிப் பக்கத்தில் சிரித்தால் நல்ல நாடு, அழுதால் கெட்ட நாடு.

அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அவள் கணவர் கதையின் கடைசிப் பக்கத்தில் ஊரே சிரிக்கிறது. அழத் தெரிந்த கடைசி ஆள் அன்றைக்குத்தான் செத்திருப்பான். இப்படி ஆகிவிடாதீர்கள் என்று ஊரை உலுக்கத்தான் மனிதர் தூக்கம் கெட்டு அதை எழுதினார்.

அதிகாரி அதை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அலமாரிப் பக்கம் போடுங்க சாமி, போட்டுத் தொலைங்க என்று அவள் மனசுக்குள் கும்பிட்டாள்.

அவரோ முதல் பக்கத்துக்குத் திரும்பிப் படிக்க ஆரம்பித்தார்.

அவள் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை கட்டியது. ஜன்னலில் வெயில் இறங்கியது. அவர் எழுந்திருக்கவே இல்லை.

முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“அந்த ஊர்ல யாரும் எதையும் முடிவு பண்ண வேண்டாமாம்மா. அங்க போய்க் கொஞ்ச நாள் இருந்தாத் தேவலை.”

எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதை அனுப்பச் சொல்லப்போவதாகச் சொன்னார். எழுதிய மகராசன் இருந்தால் மேடையேற்றிக் கௌரவிக்கலாம் என்றார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் மூச்சு விட்டிருக்க வேண்டும். மூச்சு வரவில்லை. எழுதியவர் செத்து ரொம்ப நாளாயிற்று என்றாள்.

அவள் வீடு திரும்பியபோது கதவோரம் ஒரு பை நின்றது. மாற்றுத்துணி, மாத்திரை எல்லாம் கணவரே காலையில் எடுத்து வைத்தது. கண்டுபிடித்துவிட்டால் மறைக்காமல் சொல், நான் தயார் என்று சொல்லியிருந்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. அந்தக் கதைக்கு இப்போதாவது ஒருவன் பயப்படுகிறானே என்று அவருக்கு ஒரு நிறைவு, அவ்வளவுதான்.

காலை முக்காலியில் வைத்தபடி அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையைத் திறந்து, அவருக்கு முதுகைக் காட்டியபடி, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப வைத்தாள்.

“உங்க புத்தகத்தை யாரும் பிரிச்சே பாக்கலைங்க.”

அவர் முகம் சுருங்கிப்போனது. சுருங்கினால் சுருங்கட்டும் என்று அவள் அவர் காலுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைக்கப் போனாள்.