அவளுக்கு மட்டும் புயல்

“நீங்க மட்டும் இன்னொரு தடவை உட்காருங்க.”

தேர்வு அதிகாரி சொன்னதும் பயிற்சி அறையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்ட அன்று ஐந்து பேருக்குத் தேர்வு. நிஜ கிரேன் இல்லை, சிமுலேட்டர். நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினால் கண்முன்னே கப்பல், கீழே கடல். கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும்.

ஐந்து பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதல் மார்க்கும் அவள்தான்.

“ஏன் சார், நான் பாஸ்தானே?”

“உட்காருங்க.”

“ஆம்பளைங்களுக்கு ஒரு தடவை, எனக்கு ரெண்டு தடவையா?”

அவர் நாற்காலியைக் கைகாட்டினார். அவளைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் கறார் பேர்வழி.

‘கிரேன் ஓட்டுறவ புருஷன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கணும்’ என்று காலையில் கணவன் வழியனுப்பியது நினைவுக்கு வந்தது. ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினாள்.

உள்ளே பேய்க்காற்று! மழை கண்ணாடியில் அறைந்தது. கன்டெய்னர் ஊஞ்சலாக ஆடியது.

அவள் பதறவில்லை. ஆடுகிற பக்கமே கிரேனையும் நகர்த்தி, ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து, பூப்போல லாரியில் இறக்கினாள்.

பின்னால் நின்ற நாலு பேரும் விசில் அடித்தார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் துறைமுக மேலாளர் உள்ளே வந்தார். கிரேனிலேயே தலை நரைத்தவர். யாரை வேலைக்கு எடுப்பது என்பது அவர் கையில்.

“பொம்பளைதான் ஃபர்ஸ்ட்டாமே? சலுகை மார்க்கா?” என்று சிரித்தார். “நாலு காத்து பலமா அடிச்சா தெரியும் சேதி.”

“நீங்களே ஒரு கை பாருங்களேன் சார்” என்றார் அதிகாரி, பணிவாக.

மேலாளர் அலட்சியமாக உட்கார்ந்தார். அதே காற்று. கன்டெய்னர் ஒரு சுற்றுச் சுற்றி, தொபுக்கடீரென்று கடலில் விழுந்தது.

ஹெட்செட்டைக் கழற்றியவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இதுல யாரால முடியும்யா?”

அதிகாரி, அவள் ஓட்டியதைத் திரையில் ஓடவிட்டார். மேலாளர் கண் கொட்டாமல் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“திங்கட்கிழமை வேலைக்கு வந்துடும்மா.”

அவர் வெளியேறியதும் அறை கைதட்டலில் அதிர்ந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதிகாரியிடம் நேராகப் போனாள்.

“வேலை கிடைச்சாச்சு, சந்தோஷம். ஆனா பாஸான எனக்கு எதுக்கு சார் ரெண்டாவது டெஸ்ட்?”

முதல்முறையாக அவர் சிரித்தார்.

“உங்க டெஸ்ட் காலையிலேயே முடிஞ்சுதுக்கா. பொம்பளைன்னா அவர் காத்தைத்தான் சாக்கு சொல்வார்னு எனக்குத் தெரியும். புயல், அவருக்கு வச்ச டெஸ்ட்.”