முதுகுச் சுருதி

படுக்கையறைச் சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, ஜன்னலைக் கம்பளியால் மூடி, சத்தம் மைக்கில் விழுகிறதென்று ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கஞ்சிராவோடு உட்கார்ந்திருந்தார் சவரிராஜ். தோலில் தண்ணீர் தெளிப்பார், தட்டிப் பார்ப்பார், சுருதி இறங்கியதும் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார். இசையமைப்பாளர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். "மிஷின் மாதிரி இருக்கு சார். மனுஷக் கை கேக்கணும். சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்." புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தார். கொசுக்களுக்குக் கொண்டாட்டம். காபி கொண்டுவந்த மனைவி லூர்து, பொறுக்கமாட்டாமல் அவர் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். கொசு செத்தது, வாசிப்பும் கெட்டது. அவளைத் திட்டிக்கொண்டே கைதவறி அந்தப் பதிவையே அனுப்பிவிட்டார். உடனே போன் வந்தது. "சார், நடுவுல ஒரு அடி விழுதே, என்ன வாத்தியம் அது? பாட்டு முழுக்க அதுதான் வேணும்!" சவரிராஜ் கஞ்சிராவை ஓரமாக வைத்தார். மைக்கை முதுகுப் பக்கம் திருப்பிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். லூர்து வளையல்களைக் கழற்றினாள். அவர் முதுகில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள், தட்டினாள், காதைச் சாய்த்துக் கேட்டாள். "இருங்க, சுருதி இன்னும் கொஞ்சம் இறங்கணும்" என்று மறுபடி தெளித்தாள்.