கம்பளிக்குத் தோஷமில்லை

ஊசி உள்ளே இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது.

கம்பளிப் பஞ்சு குத்தக் குத்தத்தான் இறுகும். ஊசி நுனியில் கண்ணுக்குத் தெரியாத முட்கள். இதையெல்லாம் இவள் வகுப்பில் விளக்கமாகச் சொல்லுவாள். வகுப்பு என்றால் மூன்று பேர். அதில் ஒருத்தி ஏசிக்காக வருகிறவள்.

இன்று வகுப்பு இல்லை. கதவைச் சாத்தியிருந்தாள்.

நாளைக்கு நவராத்திரி. அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் விசாலம் மாமிக்குக் கம்பளி மாலை போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இவள் செய்கிற நகைக்கு அந்தக் குடியிருப்பில் பெரிய மதிப்பு கிடையாது. கம்பளி உருண்டை, அதில் சுற்றிய செம்புக் கம்பி, ஓரமாக ஓர் உடைந்த பீங்கான் சில்லு. பக்கத்தில் 'கலைநகை' என்று ஓர் அட்டை. இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

கீழே கார் நிறுத்துமிடத்தில் சந்தை போட்ட அன்று பெண்கள் எடுத்துப் பார்த்தார்கள். வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு மாலினி ஒரு தோட்டைக் காதோரம் வைத்துக்கொண்டு, "பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இல்ல?" என்றாள்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

வாங்கியது மாமி மட்டும்தான்.

மாமி கண்ணாடி மணியைத் தொடவில்லை. செம்பு வளையத்தைத் தொடவில்லை. தோல் காதணிகள் இருந்த தட்டைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துக்கொண்டாள். நேரே வெறும் கம்பளி மாலைக்கு வந்தாள். எடுத்தாள். அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கும் அதுதானாம்.

அதற்கப்புறம் இவள் நடையே மாறிவிட்டது. லிஃப்டில் மாலினியைப் பார்த்தால் முகவாய் ஒரு விரல்கடை மேலே போகும். மாமிக்குக் கலைக்கண் இருக்கிறது என்று ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னாள்.

வெளுத்துப்போன பிளாஸ்டிக் தோரணத்தை வருடக்கணக்கில் வாசலில் தொங்கவிட்டிருக்கிற கண் அது. பாராட்டு வரும்போது தோரணத்தை யார் பார்க்கிறார்கள்?

சொந்த ஊர் ஆம்பூர் என்றால் எல்லோரும் பிரியாணி என்பார்கள். மாமி ஒருத்திதான் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டவள்.

"ஷூ கம்பெனில வேலை, மாமி."

"சரி," என்றாள் மாமி.

அந்தச் சரியையும் இவள் மரியாதைக் கணக்கில்தான் சேர்த்திருந்தாள்.

போன வாரம் லிஃப்ட் ஓடவில்லை. கீரைக்கட்டோடு படியேறிக்கொண்டிருந்தாள். மேலே, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் மாலினியின் குரல்.

"கடையில வாங்கின குடத்தையே மூணு தடவ அலம்புவீங்க. அவ கையால பண்ணினத எப்படி மாமி கழுத்துல போட்டுக்கிறீங்க?"

"கம்பளிக்குத் தோஷம் கிடையாதுடீ. யார் கை பட்டாலும் ஒட்டாது. மடிக்கே ஆகும். அதான் அவகிட்ட அதை மட்டும் வாங்கறேன். பாவம், அவளுக்கும் ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமே."

இவள் நின்றாள்.

இறங்கிப் போயிருக்கலாம். ஏறினாள்.

மாமியின் முகத்தில் ஒரு சுருக்கம் கூடவில்லை, குறையவில்லை.

"வாம்மா, உனக்கு நூறாயுசு. உன்னைப் பத்திதான் பேசிண்டிருந்தோம். நவராத்திரிக்குச் சிவப்புல ஒண்ணு பண்ணித் தாயேன். இது காத்தாட்டம் இருக்கு, கழுத்துல கிடக்கறதே தெரியல. கொஞ்சம் கனமா இருக்கட்டும்."

"கனமா பண்ணிடலாம் மாமி."

மாலினி கீரைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீரையில் அப்படி என்ன இருந்ததோ.

கனம் வேண்டுமென்றால் மணிக்குள் ஏதாவது வைத்துத்தான் சுற்ற வேண்டும். கூழாங்கல் வைக்கலாம். மரக்குண்டு வைக்கலாம். இரண்டும் மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

இவள் எழுந்து அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள்.

அப்பா அனுப்பியிருந்த பை. அவர் கம்பெனியில் செருப்பின் அடித்தோலை வெட்டும்போது சிதறி விழுகிற துண்டுகள். பொத்தான் அளவு. நாலைந்தைச் சேர்த்து அடுக்கினால் நல்ல கனம்.

அடுக்கினாள். மேலே சிவப்புக் கம்பளியைச் சுற்றினாள்.

ஊசி இறங்கியது.

காலையில் மாமி ஈரத்தலையும் மடிசாருமாகக் கதவைத் திறந்தாள். கையை நீட்டாமல், உள்ளங்கையைக் கீழே ஏந்தினாள். இவள் மேலிருந்து விட்டாள். மாலை பொத்தென்று விழுந்தது.

மாமி ஏந்திய கையை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இப்பதான் நகையாட்டம் இருக்கு. உள்ள என்ன வெச்சே?"

"ஊர்லேர்ந்து அப்பா அனுப்பினது, மாமி."

"பேஷ்."

மாலையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கழுத்தில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று இவள் நினைத்தாள். மாமி திரும்பி உள்ளே நடந்தாள்.

கொலுவின் மேல்படியில் அம்பாள். மாமியின் கை அங்கே நீண்டது.

"மாமி."

சத்தமாக வரவில்லை. ஓரடி வைத்தாள். வாசற்படியில் கால் நின்றது. இதுவரை அதைத் தாண்டி இவளை யாரும் கூப்பிட்டதில்லை.

அம்பாள் கழுத்தில் மாலையைச் சரிசெய்தபடி மாமி சொன்னாள்.

"சாயங்காலம் சுண்டலுக்கு வா. வெளியிலயே நின்னு மணி அடி, நான் கொண்டுவந்து தரேன்."

"வரேன் மாமி."

வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்பை, அங்கேயே நின்று, நிதானமாக மாட்டிக்கொண்டாள்.