தீவில் பார்க்க வேண்டியவை

சம்பந்தி இரண்டு முறை சிங்கப்பூர் போய் வந்தவர். அவரை அந்தமானுக்கு அழைத்துப்போய் அசத்தாவிட்டால் தன் கௌரவம் என்னாவது என்று சிவசங்கரனுக்குக் கவலை. தீவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அதன் உதவி எண்ணில் தமிழ் பேசும் பெண்ணே கிடைத்தாள். மர்பி டவுனில் இருக்கும் தன் வீட்டு பால்கனியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

“பக்கத்துல என்னம்மா பாக்கலாம்?”

“நீங்க வர்ற வாரம் காலையில தண்ணி உள்வாங்கும் சார். மணல்திட்டு வரைக்கும் நடந்தே போகலாம். வழியில நீல நட்சத்திர மீன் கெடக்கும், தொடாதீங்க. மூணாவது பாறைகிட்ட அசையாம நில்லுங்க, ஆமை தலை தூக்கும்.”

சிவசங்கரனுக்குப் புல்லரித்தது.

“கடலோரத்துல பொறந்தவங்க பேச்சே தனிம்மா! எங்க தெருவுல இருக்கறதுங்க அல்சூர் ஏரியைத் தாண்டினதில்ல.”

அப்போது குப்பை வண்டியின் கன்னடப் பாட்டு கேட்டது. தெருவில் கேட்டது, போனிலும் கேட்டது.

“ஒரு நிமிஷம் சார்...”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தலையில் ஹெட்செட்டும் கையில் குப்பைக் கூடையுமாக ஓடி வந்தாள் முனிராஜின் மகள் சங்கமித்ரா. அவர் ஒருநாளும் பேசியிராத பெண். நிமிர்ந்து பார்த்தவள் திகைத்தாள்.

“அங்கிள்... நீங்களா?”

“நீ கடலை எப்போம்மா பாத்தே?”

“டிவியிலதான் அங்கிள். போயிட்டு வந்தவங்க சொன்னதையெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.”

சிவசங்கரனுக்கு அந்தப் புல்லரிப்பு இன்னும் அடங்கவில்லை.

“அலைச் சத்தம் எப்படி இருக்கும்னு மட்டும் யாருமே சரியா சொல்லல. நீங்க அங்கேருந்து போன் பண்ணி கேக்க வெப்பீங்களா, அங்கிள்?”