முள்ளு மீற்றர்

ரேடியோ திருத்தும் வேலைக்கு ஒன்று வாங்க, வவுனியாக் கடையில் டிஜிற்றல் மல்ரிமீற்றர்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார முஸ்லிம் நானா உள்ளே போய், முள் அசைந்து அளவு காட்டும் பழைய முள்ளு மீற்றர் ஒன்றை எடுத்து வந்தார்.

"முல்லைத்தீவுக்கெண்டா இதைக் கொண்டுபோங்கோ, தம்பி. வோல்ட் பார்க்கப் பற்றரியே தேவையில்லை."

"சண்டை நிண்டு பாதை திறந்து மூண்டு வருஷம். பற்றரிக்கு என்ன பஞ்சம்?"

"எப்பவும் இப்பிடியே இருக்காது."

"பழசை என்ர தலையில கட்டப் பாக்கிறீங்கள். எங்கட ஊரைப்பற்றி உங்களுக்கு என்ன நானா தெரியும்?"

அவர் டிஜிற்றலைக் கடதாசியில் சுற்றித் தந்தார்.

அடுத்த வருடமே சண்டை திரும்ப வந்தது. ஓமந்தை ஆமிச் சாவடி தாண்டிப் பற்றரி வரவிடவில்லை. என் மீற்றர் செத்துக் கிடந்தது. பிரித்துப் போட்ட ரேடியோக்களும் அப்படியே கிடந்தன.

பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியா போனபோது, வெட்கத்தோடு அந்தக் கடைப் படி ஏறினேன்.

"அந்த முள்ளு மீற்றர் இன்னும் இருக்கோ, நானா?"

உள்ளே போய் எடுத்துத் தந்தார். விலை கேட்டேன்.

"அது விக்கிற சாமான் இல்லை, தம்பி. சும்மா கொண்டுபோங்கோ."

திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஆணியால் கீறியிருந்தது: 'ஸஹ்றா ரேடியோஸ், முல்லைத்தீவு, 1986.'

"தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் ஆக்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்ன அண்டு, என்ர கடைச் சாமானில கையில கிடந்தது இது மட்டும்தான்."

மீற்றரை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"இதெண்டாலும் ஊர் போய்ச் சேரட்டும்," என்றார்.